மிருதங்கத்தில் ரவைக்குப் பதிலாக ஒட்டி எடுக்கும் வில்லை: தொடரலாமா, விட்டுவிடலாமா?

லேத்_கோவை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன், பம்பு உதிரி பாகங்கள் கடைவதுதான் பிழைப்பு. பள்ளிக்கூட நாளிலிருந்தே மிருதங்கம் வாசிக்கிறேன். பெரிய வித்வான் எல்லாம் இல்லை, கோயில் பஜனைக்கும் தெரிந்தவர்கள் வீட்டு விசேஷத்துக்கும் கூப்பிட்டால் போவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தொப்பிக்கு, அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத் தோலுக்கு, ரவை போடும் வேலை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். முதலில் தோலை நனைக்க வேண்டும், ரவையைத் தண்ணீர் விட்டுப் பதமாகப் பிசைந்து நடுவில் அப்பி, தட்டிப் பார்த்து, கூட்டிக் குறைத்து, கீழ் சட்ஜம் (கீழ் ஸ) வந்ததும் நிறுத்த வேண்டும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துத் துடைத்து வைக்க வேண்டும், மறந்து விட்டுவிட்டால் பூஞ்சை பிடித்துத் தோல் கெடும். ஏசி ஹாலில் வாசித்தால் தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி) வருவதற்குள் ரவை காய்ந்து சுருதி ஏறிவிடும், பக்கத்தில் வைத்திருக்கும் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வைத்துச் சமாளிக்க வேண்டும். இதைக்கூட நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். எனக்கு உறுத்துவது பிள்ளைகள் விஷயம். வீட்டில் சாதகம் செய்யும்போது முக்கால்வாசிப் பிள்ளைகள் ரவை போடுவதே இல்லை, வெறும் தொப்பியில் தட்டுகிறார்கள். இடது கையில் கும்கி (தொப்பியை அழுத்தித் தேய்த்து வளைக்கும் நாதம்) என்றால் என்ன, அதன் கனம் என்ன என்று காதில் ஏறாமலே வருஷக்கணக்கில் பாடம் போய்விடுகிறது.

அதனால் சிலிக்கோன் ரப்பரில் எடை சேர்த்து ஒரு வில்லை செய்தேன். ஒட்டலாம், எடுக்கலாம், கழுவி மறுபடி ஒட்டலாம். அச்சு நானே கடைந்தேன். தட்டினால் கீழே இறங்குகிறது, சுருதி சரியாகவே நிற்கிறது. ஆனால் 2 குறை இருக்கிறது. ஒன்று, நாதம் நீளவில்லை, டப்பென்று அடங்கிவிடுகிறது, கும்கி இழுத்தால் வளைகிறது ஆனால் உயிர் இல்லை. இன்னொன்று, வாசிக்க வாசிக்க ஓரம் கிளம்புகிறது.

ராத்திரி ஷிப்ட் முடிந்த பிறகுதான் இதற்கு உட்கார முடிகிறது. வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் இதில் போகிற பணம் எல்லோருக்கும் தெரிகிறது. மருதமலைக்குப் போனால் முருகனிடம் இதைத்தான் கேட்கிறேன், அவன் வேண்டாம் என்று நினைத்திருந்தால் இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்க மாட்டான் என்றே இன்னும் நம்புகிறேன். ஒரு பெரியவரிடம் காட்டினேன். கையில்கூட வாங்கவில்லை, "ரவை ரவைதான்" என்று சொல்லிவிட்டார்.

என் கேள்வி இதுதான். இதைத் தொடரலாமா? தொடரலாம் என்றால் அந்த இரண்டு குறையையும் எந்தப் பக்கமிருந்து பிடிப்பது?

---

காவிரிக்கரை_லயம்:

தொடருங்கள் தம்பி. நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன், கச்சேரியும் வாசிக்கிறேன். நீங்கள் பிள்ளைகளைப் பற்றி எழுதியது நூற்றுக்கு நூறு சரி. என்னிடம் வருகிற பிள்ளைகளை வகுப்பில் ரவை போட வைத்துவிடலாம், வீட்டில் அம்மா அடுப்படியில் இருக்கும் நேரத்தில் யார் பிசைந்து கொடுப்பது?

கையில் வாங்காத பெரியவர் மேல் வருத்தம் வேண்டாம். அவர் காதில் ஐம்பது அறுபது வருஷமாக ஒரு சத்தம் குடியிருக்கிறது, அதற்குக் கிட்டே வராத எதையும் அவர் தொட மாட்டார். தொடக்கூடாது என்றும் சொல்வேன். ஆனால் நம் சங்கீதத்தில் புதுச் சாமான் வந்ததே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வயலின் வெள்ளைக்காரன் வாத்தியம், முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் எடுத்து வாசித்தார், இன்றைக்கு அது இல்லாமல் கச்சேரி உண்டா? கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனில் கமகம் (ஸ்வரத்தை அசைத்து இழுப்பது) வரவேண்டும் என்று கருவியின் விசைகளையே மாற்றிக்கொண்டார். பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண், புல்லாங்குழலும் வாசிப்பார், பொறியாளரும்கூட, 1979ல் ராடெல் கம்பெனி ஆரம்பித்து எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி கொண்டுவந்தார். தம்புராவின் இடத்தை ஒரு பெட்டி பிடிப்பதா என்று அதற்கும் முணுமுணுப்பு இருந்தது. இன்றைக்கு எந்த வித்வான் பையில் அது இல்லை, இல்லாவிட்டால் போனிலாவது இருக்கும். தவிலைப் பாருங்கள், வார் போய் நட்டும் போல்ட்டும் வந்துவிட்டது, அதற்காக யாரும் மேடை போட்டுப் பேசவில்லை, வாசிக்கிறவர்களுக்குச் சௌகரியமாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். கஞ்சிராவுக்கு உடும்புத் தோல்தான் என்று இருந்தோம், வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு ஆட்டுத் தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் காது பழகிக்கொண்டது.

இப்போது குறைக்கு வருகிறேன். நீங்கள் சுருதி சரியாக நிற்கிறது என்கிறீர்கள், அதை மட்டும் வைத்துத் தொப்பியை மதிப்பிடாதீர்கள். நான் ஒரு மிருதங்கத்தைக் கையில் வாங்கினால் முதலில் "தோம்" விட்டுப் பார்ப்பேன், கையை எடுத்த பிறகு அது எவ்வளவு தூரம் போகிறது என்று. அப்புறம் மணிக்கட்டை அழுத்தித் தேய்த்து கும்கி, மெதுவாக ஒரு தடவை, வேகமாக ஒரு தடவை. அப்புறம் வலந்தலையில் (வலது பக்கத் தோலில்) மீட்டு என்ற அடியும் தொப்பி அடியும் சேர்ந்து விழும்போது இரண்டும் ஒன்றை ஒன்று தின்னாமல் இருக்கிறதா என்று. கடைசியாக மூடிய அடி, "த" என்று வெறும் தொப்பி. ரவை ஈரமாக இருப்பதால் அந்த மூடிய அடி நறுக்கென்று நிற்கும், ஆனால் திறந்த அடி நீளும். இரண்டும் சேர்ந்து வருவதுதான் ரவையின் அருமை. உங்கள் வில்லை இரண்டையும் அடக்குகிறது என்று நினைக்கிறேன்.

இந்த நாலையும் ரவையோடு ஒரு தரம், வில்லையோடு ஒரு தரம் போனில் பதிவு செய்து போடுங்கள். ஒரே மிருதங்கம், ஒரே கை, ஒரே இடம்.

---

பாலிமர்_பெங்களூர்:

நான் ரப்பர் கலவை வேலை பார்ப்பவன், மிருதங்கம் கேட்க மட்டும் தெரியும். உங்கள் முதல் குறை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

தோலின் நடுவில் எடை ஏறினால் சுருதி இறங்கும், அது உங்களுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் நீங்கள் ஒட்டுவது ஒரே துண்டான ரப்பர் தட்டு. தோல் வளையும்போது அந்தத் தட்டும் கூடவே வளைய வேண்டும், வளைவதற்கு விறைப்புக் காட்டும், வளையும் ஒவ்வொரு தடவையும் ரப்பர் கொஞ்சம் சக்தியைத் தின்றுவிடும். நாதம் நீளாததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். ரவை அப்படி இல்லை, அது தனித்தனிக் குருணை, நடுவில் ஈரம் பிடித்து நிற்கிறது, எடை தருகிறது, விறைப்பு அவ்வளவாகத் தருவதில்லை.

வலந்தலையின் நடுவில் இருக்கும் கரணையை, அந்தக் கறுப்பு வட்டத்தை, கிட்டத்தில் பாருங்கள். கிட்டான் என்ற கறுப்புக் கல்லைப் பொடித்துச் சோற்றோடு சேர்த்து மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் கல்லால் தேய்த்துத் தேய்த்துதான் ஏற்றுகிறார்கள். அந்தத் தேய்ப்பில் கரணை முழுக்க நுண்ணிய வெடிப்பு விழுகிறது. பார்க்கக் கருங்கல் மாதிரி இருக்கும், உண்மையில் அது ஒன்றோடொன்று ஒட்டாத ஆயிரம் சில்லு. அதனால்தான் அவ்வளவு எடை இருந்தும் தோல் சுதந்திரமாக அதிர்கிறது. சி. வி. ராமன் 1920ல் சிவகாளி குமாரோடு சேர்ந்து நேச்சர் இதழில் எழுதினார், 1934ல் இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் இன்னும் விரிவாக எழுதினார். சாதாரணத் தோல் பறையில் வரும் மேல் ஒலிகள் ஒன்றுக்கொன்று ஒழுங்கில் இருக்காது, மிருதங்கத்தில் அந்தக் கரணையால் அவை கம்பி வாத்தியம் போல ஒழுங்கு வரிசைக்கு வருகின்றன என்று காட்டினார், ஐந்து ஒத்திசை ஒலிகள் வரை. தொப்பிக்கு அந்த அளவு ஒழுங்கு தேவையில்லை, ஆனால் பாடம் ஒன்றுதான்: எடை வேண்டும், விறைப்பு வேண்டாம்.

அதனால் வில்லையைத் துண்டு துண்டாக வெட்டிப் பாருங்கள். அடியில் மெல்லிய ஒரு படலம் மட்டும் முழுசாக இருக்கட்டும், மேலே சின்னச் சின்னக் கட்டமாகப் பிளவு விடுங்கள், நடுவில் கொஞ்சம் தடிமன், ஓரத்துக்குப் போகப் போக மெலிசு. உங்களிடம் லேத் இருக்கிறது, அச்சில் இதைச் செய்வது உங்களுக்குக் கஷ்டம் இல்லை. கலவையில் என்ன எடை சேர்த்தீர்கள்? இரும்புத்தூள் என்றால் கை வேர்வையில் துருப்பிடிக்கும். பேரியம் சல்பேட் துருப்பிடிக்காது, ஆனால் இரும்பைவிட லேசு, அதிகம் போட வேண்டும், அதிகம் போட்டால் ரப்பர் விறைக்கும். டங்ஸ்டன் பொடி கொஞ்சம் போட்டாலே போதும், விலைதான் அதிகம். ஈயம் மட்டும் வேண்டவே வேண்டாம், பிள்ளைகள் தொடும் பொருள்.

ஓரம் கிளம்புவதற்கும் ஒரு வழி சொல்கிறேன். சிலிக்கோன்மேல் மற்றப் பசை எதுவும் நிற்காது, சிலிக்கோன் பசைதான் நிற்கும். தீப்புண் தழும்புக்கு ஒட்டும் சிலிக்கோன் ஜெல் தாள் மருந்துக் கடையில் கிடைக்கும், தோலைப் பிய்க்காமல் உரியும், சோப்புப் போட்டுக் கழுவினால் மறுபடி ஒட்டும். அந்த மாதிரி ஜெல்லை அடிப்பக்கம் ஒரு படலமாக விட்டுப் பாருங்கள்.

மேற்கத்திய டிரம்முக்கும் கன்றுத் தோல்தான் இருந்தது, மழை நாளில் தொய்ந்துபோகும். டுபாண்ட் கம்பெனியின் மைலார் பிளாஸ்டிக் படலம் வந்ததும் சிக் எவன்ஸ், ரெமோ பெல்லி இருவரும் அதை டிரம்மில் ஏற்றப் பார்த்தார்கள். படலம் கடையில் கிடைக்கிற பொருள்தான். அதை வளையத்தில் வழுக்காமல் பிடித்து நிறுத்துவதுதான் முடியவில்லை. சாம் மச்னிக் என்ற வேதியியலாளர் அலுமினியப் பள்ளத்தில் பிசின் ஊற்றிப் படலத்தை இறுக்கும் வழியைக் கண்டுபிடித்தார், 1957ல் பெல்லி கம்பெனி தொடங்கினார். உங்களுக்கும் ஓரம்தான் கடைசிச் சண்டையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் சலித்துப்போய் விட்டுவிடாதீர்கள்.

---

ரொறன்ரோ_வகுப்பு:

அண்ணா, நான் கனடாவில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் படிப்பிக்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். உங்கட வில்லை சரியாக வந்தால் முதலாவது ஆளாக நான் வாங்குவேன்.

இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீற்றர் ஓடும், காற்று அவ்வளவு வறட்சி. ரவை வைத்துக் கொஞ்ச நேரத்திலேயே ஓரம் வெடித்து உதிரத் தொடங்கும். அரங்கேற்றத்துக்கு முதல் நாள் பிள்ளையைவிட எனக்குத்தான் பதற்றம், தனியின் நடுவில் ரவை கழன்று விழுந்து அந்தப் பிள்ளை முகம் வாடினதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், குளிர் வறட்சியில் உங்கட ஜெல் ஒட்டுமா என்று யோசியுங்கோ. தோலும் சுருங்கி இறுகி இருக்கும், அதனால் அதே எடை இங்கே போதாமல் போகலாம். ஒரே எடையில் ஒரு வில்லை என்று செய்யாமல், மேலே கூட்டிக் குறைக்கக்கூடிய மாதிரிச் செய்ய ஏலுமா?

---

வார்பிடி:

எங்கள் வீட்டில் மூட்டு வேலைதான், அதாவது மிருதங்கத்துக்குத் தோல் மூட்டு செய்து கட்டுவதுதான், பரம்பரைத் தொழில். அப்பா இன்னும் செய்கிறார், நான் படித்துவிட்டு வேறு வேலையில் இருக்கிறேன், லீவு நாளில் வார் பிடிக்கக் கூட உட்காருவேன்.

எல்லோரும் நல்ல யோசனை சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் லேத் அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் இதை ஒரு பெரிய வித்வானிடம் காட்டினீர்கள், மூட்டு அடிக்கிறவர் யாரிடமாவது காட்டினீர்களா? தோலைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியதில் பாதி எங்கள் ஆட்கள் கையில் இருக்கிறது. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயருக்கு நாதம் வந்த கதையில், மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்துவுக்குப் பங்கு உண்டு. அவர் இப்படி வேண்டும் என்பார், இவர் தோலை மாற்றி, தடிமன் மாற்றி, திரும்பத் திரும்பச் செய்து கொடுப்பார். அந்த மாதிரி உட்கார்ந்துதான் இந்த வாத்தியம் இன்றைய சத்தத்துக்கு வந்திருக்கிறது. மேடையில் பெயர் சொல்வது வாசித்தவருக்கு மட்டும்தான் என்பது வேறு விஷயம், அதில் எனக்கு ஆதங்கம் உண்டு.

உங்கள் வில்லைக்கு இது எப்படி உதவும் என்று சொல்கிறேன். ரவை போடுவதற்கு முன் தோலை நனைக்கிறோம் இல்லையா, அந்த நனைப்பிலேயே தொப்பித் தோல் இளகிச் சுருதி பாதி இறங்கிவிடும். ரவையின் ஈரம் வாசிக்கும் நேரமெல்லாம் நடுத்தோலை இளக்கமாகவே வைத்திருக்கும். நீங்கள் வில்லை ஒட்ட வேண்டும் என்பதற்காகக் காய்ந்த தோலில் ஒட்டுகிறீர்கள், அப்படியானால் சுருதியை இறக்குகிற வேலை முழுக்க எடையின் தலையில் விழுகிறது. அதனால்தான் அதிக எடை போட்டிருப்பீர்கள், அதனால்தான் சத்தம் அடங்குகிறது. உங்கள் வில்லைக்கு ஏற்ற மாதிரி தொப்பி மூட்டையே கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால், உள் தோலை இன்னும் மெலிசாகப் போட்டால், பாதி எடையில் அதே சுருதி வரும் என்று அப்பா சொல்கிறார். இதைப் படித்துக் காட்டினேன், கேட்டதும் முதலில் "எவ்வளவு எடை போட்டான்?" என்றுதான் கேட்டார். கோபமோ கிண்டலோ இல்லை.

இன்னொன்று, ரவை ஈரத்தால் தொப்பித் தோலின் நடு சீக்கிரம் உளுத்துப்போகும், அதை மாற்றுவது எங்களுக்கு ஒரு வருமானம். உங்கள் வில்லை வந்தால் அந்த வேலை குறையலாம். தெரிந்தேதான் சொல்கிறேன், அப்பாவும் தெரிந்தேதான் சொல்கிறார். ஆட்டுத் தோலும் எருமைத் தோலும் நல்லதாகக் கிடைப்பது வரவர கஷ்டமாக இருக்கிறது, ஒரு மூட்டு கூடக் கொஞ்ச நாள் உழைத்தால் எங்களுக்கும் நல்லதுதான்.

---

மனு_எழுதுபவர்:

சுருக்கமாக ஒன்று. காப்புரிமை எடுக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் கலவை விகிதம், அச்சின் அளவு எதையும் இனிமேல் பொது இடத்தில் எழுதாதீர்கள். நம் நாட்டில் மனு போடுவதற்கு முன்பு நீங்களே வெளியிட்டாலும் புதுமை போய்விடும். முதலில் தற்காலிக விவரக்குறிப்போடு ஒரு மனு போட்டுவிடலாம், முழு விவரம் கொடுக்க அதிலிருந்து 12 மாதம் அவகாசம் உண்டு. தனி நபர் இணையத்தில் போட்டால் மனுக் கட்டணம் 1,600 ரூபாய்தான், அப்புறம் பரிசோதனைக் கட்டணம் தனி. கிடைத்தால் 20 வருஷம். ரவைக்குப் பதில் வேறு பொருள் என்கிற யோசனைக்கு உரிமை கிடைப்பது கஷ்டம், வில்லையின் உள் அமைப்புக்கும் ஒட்டும் முறைக்கும் கேட்கலாம். காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளம் இலவசம், மிருதங்கம், தபலா என்று போட்டு ஏற்கெனவே யார் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து படியுங்கள். அதைப் படித்தாலே எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று தெரியும்.

---

லேத்_கோவை:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ராத்திரி பட்டறையில் உட்கார்ந்து படித்தேன், கண் கலங்கிவிட்டது. நம்பிக்கை இருந்தது, ஆனால் அது எனக்கு மட்டும் இருக்கிற நம்பிக்கையோ என்ற பயமும் இருந்தது.

பாலிமர் சார் சொன்ன மாதிரி பழைய வில்லை ஒன்றை எடுத்து பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறினேன், அடிவரை போகாமல். ஒட்டி "தோம்" விட்டேன். முன்னைவிட நீளுகிறது! ரவை அளவுக்கு இல்லை, ஆனால் வித்தியாசம் பக்கத்தில் இருந்த என் பையனுக்கே கேட்டது. ஓரத்தில் கீறல் அதிகமான இடத்தில் கிளம்புவதும் குறைந்திருக்கிறது, துண்டுகள் தோலோடு சேர்ந்து வளைவதால் இருக்கலாம்.

லயம் ஐயா, நாலு அடியும் பதிவு செய்து அனுப்புகிறேன், மனு எழுதுபவர் சொன்னதால் இங்கே போடாமல் உங்களுக்குத் தனியாக. கனடா சகோதரிக்கோ சகோதரருக்கோ: கட்டங்கள் தனித்தனியாக இருப்பதால் சிலவற்றைக் கழற்றி மாட்டும்படி செய்ய முடியும் என்று தோன்றுகிறது, குளிருக்குக் கூட்டிக்கொள்ளலாம். முதல் நல்ல வில்லை உங்கள் வகுப்புக்குத்தான்.

வார்பிடி தம்பி, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அப்பாவைப் பார்க்க வரலாமா? எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. என் மிருதங்கத்தையே எடுத்து வருகிறேன், அவர் கையால் தொப்பி மூட்டைத் தளர்த்திப் போட்டுத் தரட்டும், கூலி அவர் சொல்வதுதான். விற்பனை என்று ஒரு நாள் வந்தால் அவரோடு பேசாமல் எதுவும் செய்ய மாட்டேன்.

---

வார்பிடி:

தாராளமாக வாருங்கள் அண்ணா. அப்பா ஞாயிறும் வேலை செய்வார், காலையில் சீக்கிரம் வந்தால் தோல் நனைத்து விரிக்கும்போதே பார்க்கலாம். கீறிய வில்லை, கீறாத வில்லை இரண்டையும் எடுத்து வாருங்கள், ரவை இங்கே இருக்கிறது. வருவதற்கு முதல் நாள் மிருதங்கத்துக்கு ரவை போடாதீர்கள், தோல் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். ஒரு சின்னத் தராசும் கொண்டு வாருங்கள், ரவையைப் போட்டு எடுத்து எத்தனை கிராம் என்று நிறுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் அப்பா. இத்தனை வருஷத்தில் கைக்கணக்குதான், ஒரு தடவையும் நிறுத்ததில்லையாம்.